ஆர். வெங்கட்ராமன் ரப்பர் ஸ்டாம்ப்பா? ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஆர். வெங்கட்ராமன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன குடியரசுத் தலைவர்தானா? 1989-லிருந்து 1991 வரை டெல்லியில் பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தபோது அவர் என்ன செய்தார்? தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதில் அவர் பங்கு என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. ஆனால் தன் சொந்த விருப்பத்தின்படி முடிவெடுப்பதைத் தவிர்க்க எப்போதும் ஒரு விதியைத் தேடியவர். நாடாளுமன்றத்தில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நேரத்தில் அந்தக் குணம் நாட்டைக் காப்பாற்றியது. மாநில ஆட்சிகளைக் கலைக்கும் கோப்பு வந்தபோது அதே குணம் அவரைக் கைவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் புரிவார்.

பிறந்தது 1910 டிசம்பர் 4, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ராஜாமடம். சென்னை லயோலா கல்லூரியில் பொருளாதாரத்தில் எம்.ஏ., பிறகு சட்டக் கல்லூரி. 1935-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் 1942 முதல் 1944 வரை சிறை. யுத்தம் முடிந்ததும், ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர்களுக்கு ஒத்துழைத்ததாக மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வழக்குகளில் சிக்கிய இந்தியர்களுக்காக வாதாட 1946-ல் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் அவரும் இருந்தார்.

அவருடைய அடிப்படைத் தொழில் தொழிற்சங்கச் சட்டம். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பத்திரிகை ஊழியர் என்று பல சங்கங்களுக்கு வேலை செய்தார். தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் சட்ட இதழ் ஒன்றை 1949-ல் தொடங்கினார். தொழில் தகராறு வழக்கு நடத்துகிறவருக்கு நிலையாணை, ஒப்பந்தம், முந்தைய தீர்ப்பு இந்த மூன்றும்தான் ஆயுதம். நியாயம் யார் பக்கம் என்று மேடையில் பேசலாம். தீர்ப்பாயத்தில் எந்த விதி, எந்தத் தேதி, எந்த முன்னுதாரணம் என்றுதான் கேட்பார்கள். பிற்காலத்தில் ராஷ்டிரபதி பவனில் அவர் நடந்துகொண்ட முறை முழுக்க இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்பதே என் கணிப்பு.

1950-ல் தற்காலிக நாடாளுமன்றம், 1952-ல் முதல் மக்களவை. 1957-ல் மறுபடி ஜெயித்தும், மக்களவையை விட்டுவிட்டு காமராஜரின் அமைச்சரவைக்கு வந்தார். அடுத்த பத்து வருடம், 1967 வரை, தொழில், தொழிலாளர் நலம், மின்சாரம், போக்குவரத்து, கூட்டுறவு என்று முக்கியமான துறைகள் அவர் கையில் இருந்தன. கிண்டி தொழிற்பேட்டை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. தொழிற்பேட்டை என்ற யோசனையின் பலமே அதன் எளிமைதான். சிறு முதலாளிக்கு மூலதனத்தில் பெரும்பகுதி நிலத்திலும் கட்டடத்திலும் முடங்கிவிடும்; மின் இணைப்புக்கு அலைந்தே காலம் போய்விடும். அரசே கொட்டகை கட்டி, சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டால், அவர் கையில் இருக்கும் பணம் நேராக இயந்திரத்துக்கும் கச்சாப் பொருளுக்கும் போகும். சென்னையைச் சுற்றி வாகன உதிரிபாகத் தொழில் வேரூன்றியதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். திருச்சி கொதிகலன் ஆலை போன்ற மத்திய அரசு ஆலைகள் இங்கே வந்ததும் இதே காலத்தில். தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பேசும்போது காமராஜர் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். துறை அமைச்சராகக் கோப்புகளை நகர்த்திய இவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1967-ல் காங்கிரஸ் தோற்றது. அதன் பிறகு 1971 வரை திட்டக் குழு உறுப்பினர். 1977-ல் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது தென் சென்னையிலிருந்து மக்களவைக்குப் போனார். 1980-ல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் நிதியமைச்சர். இந்த இரண்டு வருடத்தில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகள் தேசியமயம். 1981-ல் கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவர சிறப்புப் பத்திரங்கள்: 10,000 ரூபாய்க்கு வாங்கினால் பத்து வருடம் கழித்து 12,000 ரூபாய், பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேர்மையாக வரி கட்டினவருக்கு இது அநீதி என்று வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் திட்டத்தை ஏற்றது. மூன்றாவது, பன்னாட்டு நிதியத்திடம் அதுவரை யாரும் வாங்காத அளவுக்குப் பெரிய கடன், 1981 நவம்பரில்.

1982 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாறினார். அப்துல் கலாம் விண்வெளித் துறையிலிருந்து ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்ததும் அந்த வருடம்தான். ஒரு ஏவுகணை முடிந்ததும் அடுத்தது என்று படிப்படியாகச் செய்யலாம் என்ற திட்டத்தோடு விஞ்ஞானிகள் வந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கும்படி திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னவர் வெங்கட்ராமன். பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் ஐந்தும் சேர்ந்த ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 1983-ல் தொடங்கியது இப்படித்தான். கலாமே பின்னாளில் இதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1984 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவர். 1987 ஜூலையில் குடியரசுத் தலைவர் தேர்தல்; எதிர்த்து நின்றவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வெங்கட்ராமனுக்கு 7,40,148, கிருஷ்ணய்யருக்கு 2,81,550. இது வாக்கு மதிப்பு, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. 1971 மக்கள்தொகையை வைத்து ஒவ்வொரு மாநில எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு மதிப்பு உண்டு; உத்தரப் பிரதேசத்துக்கு 208, தமிழ்நாட்டுக்கு 176.

அவர் பதவியேற்றபோது சூழல் சரியில்லை. முந்தைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்குக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் பேச்சுவார்த்தையே முறியும் அளவுக்கு மோதல்; பிரதமரையே அவர் நீக்கிவிடுவார் என்ற பேச்சு தலைநகரில் ஓடியது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிவான அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தார். அரசியலமைப்பின் 111-வது பிரிவு இதற்குக் காலக்கெடு வைக்கவில்லை என்பதால் அது முடிந்தது. அந்த மசோதாவை வெங்கட்ராமன் 1990 ஜனவரியில் மறுபரிசீலனைக்காக மாநிலங்களவைக்குத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அது சட்டமாகவே இல்லை. கிடப்பில் போடுவதைவிடத் திருப்பி அனுப்புவது மேல். அப்போதுதான் பொறுப்பு யாருடையது என்று பதிவாகும். நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டி வரும்.

இன்னொரு மசோதாவை அவர் ஒப்புதல் தராமலே நிறுத்தினார். எம்.பி.க்களின் சம்பளம், படி, ஓய்வூதியத் திருத்த மசோதா. 1991 மார்ச்சில் மக்களவை கலைவதற்கு முந்தைய கடைசி நாளில் அவசரமாக நிறைவேறியது. அரசுக் கருவூலத்திலிருந்து செலவு வைக்கும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை வேண்டும், அது வாங்கப்படவில்லை. எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து தங்களுக்கே போட்டுக்கொண்ட மசோதாவை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. ரப்பர் ஸ்டாம்ப் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம்.

இனி 1989 மக்களவைத் தேர்தல். காங்கிரசுக்கு 197 இடம், ஜனதா தளத்துக்கு 143, பா.ஜ.க.வுக்கு 85. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 1979-ல் இதே போன்ற சிக்கலில் அன்றைய குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி மொரார்ஜி தேசாயிடமும் சரண் சிங்கிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டு வாங்கி எண்ணிப் பார்த்து சரண் சிங்கை அழைத்தார். சரண் சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். ஜனதா கட்சியின் ஜகஜீவன் ராமுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் அவையைக் கலைத்ததற்காக ரெட்டி கடைசிவரை விமர்சிக்கப்பட்டார். பட்டியல் முறையின் கோளாறு இதுதான்: ஒரே எம்.பி. பெயர் இரண்டு பட்டியலில் இருக்கும், பட்டியல் கொடுத்த பிறகு மனம் மாறுவார்கள், பேரம் நடக்கும். கடைசியில் எண்ணுகிற குடியரசுத் தலைவரே ஒரு கட்சிக்காரராகத் தெரிவார்.

வெங்கட்ராமன் எண்ண மறுத்தார். அவர் முறை மூன்று படி. அதிக இடம் பெற்ற கட்சியின் தலைவரை முதலில் அழைப்பது. அவர் வேண்டாம் என்றால் அடுத்த பெரிய கட்சி. யார் ஏற்கிறாரோ அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் மக்களவையில் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்வது. ராஜீவ் மறுத்தார். அடுத்து ஜனதா தளத்தின் வி.பி. சிங், பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரவு. 30 நாள் கெடு. டிசம்பர் 2-ம் தேதி பதவியேற்பு, 21-ம் தேதி அவையில் வெற்றி.

அந்தப் பதவியேற்பில் ஒரு காட்சி. தேவிலாலுக்குப் பிரமாணம் செய்துவைக்கும்போது வெங்கட்ராமன் ‘அமைச்சர்’ என்று வாசித்தார். தேவிலால் ‘துணைப் பிரதமர்’ என்று சொன்னார். குடியரசுத் தலைவர் நிறுத்தித் திருத்தினார். தேவிலால் மறுபடியும் ‘துணைப் பிரதமர்’ என்றே சொன்னார். அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவியே இல்லை என்பதால் பிரமாணம் செல்லாது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வெறும் அடைமொழி, பிரமாணத்தின் சாரம் கெடவில்லை, சட்டப்படி அவர் மற்ற அமைச்சர்களைப் போன்ற அமைச்சர்தான் என்று நீதிமன்றம் முடித்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சொல்லுக்காக நிறுத்தித் திருத்தியவர் எப்படிப்பட்டவர் என்பது இதிலேயே தெரிகிறது.

1990 நவம்பர் 7-ல் வி.பி. சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். மறுபடி அதே வரிசை: ராஜீவ், பா.ஜ.க., இடதுசாரிகள். எல்லோரும் மறுத்தார்கள். பிறகுதான் ஜனதா தளத்திலிருந்து சுமார் 60 எம்.பி.க்களோடு பிரிந்து வந்த சந்திரசேகர். காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு. இவ்வளவு சிறிய குழுவின் தலைவரைப் பிரதமராக்கியது சரியா என்று இன்றும் கேட்கிறார்கள். அன்றைக்கு இருந்த மாற்று ஒரே வருடத்தில் இன்னொரு பொதுத்தேர்தல். மண்டல் கிளர்ச்சியும் அயோத்தி ரத யாத்திரையும் தெருவில் கனன்றுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் தேர்தலைத் தள்ளிப்போட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சந்திரசேகர் 1991 மார்ச் 6-ல் ராஜினாமா செய்தார். மக்களவை மார்ச் 13-ல்தான் கலைக்கப்பட்டது. இந்த ஒரு வார இடைவெளி முக்கியம். முழு பட்ஜெட் போடவில்லை, இடைக்கால பட்ஜெட்தான். ஏப்ரல் 1-க்குப் பிறகு சம்பளம் கொடுக்கக்கூட நாடாளுமன்ற அனுமதி தேவை. மத்திய அரசுக்கும் ரயில்வேக்கும் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த மாநிலங்களுக்கும் முன்பணச் செலவுக்கு அவை ஒப்புதல் கொடுத்த பிறகே கலைப்பு. அவசரப்பட்டு ராஜினாமா வந்த அன்றே கலைத்திருந்தால் கஜானாவைத் திறக்கச் சட்டப்படி வழி இருந்திருக்காது. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. மே மாதம் காபந்து அரசு 20 டன் தங்கத்தை வெளிநாட்டில் விற்றுப் பணம் திரட்ட வேண்டி வந்தது.

மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. மீதித் தேர்தல் ஜூன் 12, 15-க்குத் தள்ளிப்போனது. எல்லாக் கட்சியும் சேர்ந்த தேசிய அரசு என்ற எண்ணம் வெங்கட்ராமனுக்கு இருந்தது, கட்சிகள் இசையவில்லை. முடிவு வந்ததும் பெரும்பான்மை இல்லாத காங்கிரசின் தலைவர் நரசிம்ம ராவை அதே விதிப்படி அழைத்தார், பட்டியல் கேட்காமல். ராவ் அப்போது எம்.பி.கூட இல்லை. ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில், எதிர்க்கட்சிகளில் ஒரு பகுதி வாக்களிக்காமல் ஒதுங்கியதால் அரசு நிலைத்தது. பொருளாதாரச் சீர்திருத்தங்களைச் செய்த அரசு இப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்தது.

இந்த விதிக்கும் குறை உண்டு. 1996-ல் சங்கர் தயாள் சர்மா இதே போலத் தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயை அழைத்தார். 13 நாளில் அரசு போனது. அதனால்தான் 1998-ல் கே.ஆர். நாராயணன் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கிய பிறகே வாஜ்பாயை அழைத்தார். பெரிய கட்சியோடு சேர யாருமே தயாராக இல்லை என்பது கண்கூடாகத் தெரியும்போது வெங்கட்ராமன் முறை காலத்தை வீணாக்கும். மற்றபடி, குடியரசுத் தலைவரைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராக வைக்கும் முறை அது.

குடியரசுத் தலைவர் பதவியை அவர் அவசர விளக்கோடு ஒப்பிட்டார்: மின்சாரம் போனால் தானாக எரியும், வந்ததும் தானாக அணைந்துவிடும். மேலே சொன்னவற்றுக்கு இது பொருத்தம். ஆனால் மின்சாரம் இருக்கும்போதே வீட்டில் தவறு நடந்தால்?

இந்திரா காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற கேஹர் சிங்கின் கருணை மனுவில் இது முதலில் வெளிப்பட்டது. உச்ச நீதிமன்றம் இறுதியாக முடித்த வழக்கின் உள்ளே தன்னால் போக முடியாது என்பது குடியரசுத் தலைவர் தரப்பின் பதில். அது தவறு என்று 1988-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது: கருணை அதிகாரம் தனி, சாட்சியங்களைத் தானே பார்த்து வேறு முடிவுக்கு வரலாம், மனுவை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றது. மனு மீண்டும் நிராகரிக்கப்பட்டது. 1989 ஜனவரி 6-ல் திகார் சிறையில் தூக்கு. தன்னிடம் இருந்த அதிகாரத்தை இல்லை என்று நினைத்ததுதான் அங்கே நடந்த பிழை.

மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் அரசியலமைப்பின் 356-வது பிரிவில் அது பெரிதாகத் தெரிந்தது. 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் ஆட்சிக்குத் தந்த ஆதரவை 19 எம்.எல்.ஏ.க்கள் விலக்கியதாக ஆளுநரிடம் கடிதங்கள் போயின. அவர்களில் 7 பேர், தங்களிடம் தவறாகக் கையெழுத்து வாங்கப்பட்டது என்று திரும்பி வந்தார்கள். ஏப்ரல் 27-ல் அவையைக் கூட்டி நிரூபிக்கிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் கேட்கவில்லை, 21-ம் தேதி ஆட்சி கலைந்தது. பிரகடனத்தில் வெங்கட்ராமன் கையெழுத்து. அதே வருட இறுதியில் டெல்லியில் ‘பெரும்பான்மையை அவையில்தான் காட்ட வேண்டும்’ என்று நின்றவர், பெங்களூரில் கடிதங்களை எண்ணியதை ஏற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டில் நடந்தது இதைவிட மோசம். 1991 ஜனவரி 30. சட்டமன்றத்தில் தி.மு.க.வின் பெரும்பான்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைக் காட்டி, ஆட்சியைக் கலைக்கச் சொல்லி அ.தி.மு.க.வும் காங்கிரசும் அழுத்தின. சந்திரசேகர் அரசு காங்கிரசின் ஆதரவில் உயிரோடு இருந்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்தார். 356-ல் ஆளுநரின் அறிக்கை வந்தோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால் போதும் என்று இருக்கிறது. அந்த ‘வேறு வகை’யை வைத்துப் பிரகடனம் வந்தது. பின்னர் பீகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா, போவதைவிட ராஜினாமாவே மேல் என்று விலகினார்.

சட்டத்தின் எழுத்துப்படி அந்தக் கையெழுத்து செல்லும். ஆனால் 1978-ல் வந்த 44-வது திருத்தத்தின்படி அமைச்சரவையின் ஆலோசனையை ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை இருந்தது. ஆளுநரே அறிக்கை தராத கோப்பைவிட அந்த உரிமையைப் பயன்படுத்தத் தகுதியான கோப்பு வேறு இருக்க முடியாது. அவர் பயன்படுத்தவில்லை. அஞ்சல் மசோதாவையும் எம்.பி. ஓய்வூதியத்தையும் நிறுத்தத் தெரிந்தவருக்கு வழி தெரியாமல் இல்லை. அவருடைய ஐந்து வருடத்தில் இதுவே பெரிய கறை என்று தயங்காமல் சொல்வேன். அதே உரிமையைப் பயன்படுத்தி நாராயணன் 1997-ல் உத்தரப் பிரதேசக் கோப்பையும் 1998-ல் பீகார் கோப்பையும் திருப்பி அனுப்பினார். உத்தரப் பிரதேசத்தில் குஜ்ரால் அரசு கோப்பைக் கைவிட்டது. ஒரு கேள்வி கேட்டதில் ஒரு மாநில ஆட்சி பிழைத்தது.

வெங்கட்ராமன் 1992 ஜூலை 25-ல் ஓய்வு பெற்றார். 2009 ஜனவரி 27-ல் டெல்லியில் 98-வது வயதில் காலமானார். இடையில், 1994 மார்ச்சில், பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே, 356 பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்று. நாகாலாந்து 1988, கர்நாடகம் 1989, மேகாலயா 1991 ஆகிய மூன்று கலைப்புகளும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அதில் சொல்லப்பட்டன. மூன்றும் அவர் காலத்தில் வெளிவந்த பிரகடனங்கள்.